விசையும் நிறையும் முடுக்கமும்: சனத்நகர் இருப்புப் பாதையில் ஓர் ஆய்வு

பொருள்களின் இயக்கத்தைப் பற்றி ஐசக் நியூட்டன் 1687-ஆம் ஆண்டில் வெளியிட்ட மூன்று விதிகளுள் இரண்டாவது விதியே பொறியியலில் மிகுதியாகப் பயன்படுவது. விசை என்பது நிறையை முடுக்கத்தால் பெருக்கி வரும் தொகைக்குச் சமம் என்று அதனைச் சுருக்கமாகக் கூறுவர். உயர்நிலைப் பள்ளி மாணவர் எவரும் இதனை ஒப்புவிக்க வல்லவரே. எனினும், பாரம் ஏற்றிய வண்டி ஏன் மெதுவாகப் புறப்படுகிறது, ஓடும் வண்டி ஏன் உடனே நிற்பதில்லை என்று வினவினால், கனமாக இருப்பதால் என்னும் ஒரே விடையே பெரும்பாலும் கிடைக்கிறது. அவ்விடை பாதி மட்டுமே உண்மையாகும். மற்றப் பாதியை அறியாமையால் வகுப்பறையில் மதிப்பெண் குறையலாம். இருப்புப் பாதையிலோ உயிர்ச் சேதமே விளையக் கூடும். ஆதலின், ஐதராபாத்து நகரின் சனத்நகர் வழியாகச் செல்லும் இருப்புப் பாதையை எடுத்துக்காட்டாகக் கொண்டு இவ்விதி இங்கு விளக்கப்படுகிறது.

பாதையும் அதில் ஓடும் வண்டிகளும்

செகந்திராபாத்தையும் வாடி சந்திப்பையும் இணைக்கும் அகல இருப்புப் பாதை 1874-ஆம் ஆண்டில் நிஜாம் ஆட்சிப் பகுதியில் திறக்கப்பெற்றது. பம்பாய்க்கும் சென்னைக்கும் இடையே செல்லும் பெரும்பாதையுடன் ஐதராபாத்தைச் சேர்த்தது இப்பாதையே. இதன்மேல் அமைந்துள்ள சனத்நகர் பின்னர்த் தொழிற்பகுதியாக வளர்ந்தது. 1942-ஆம் ஆண்டில் நிறுவப்பெற்ற ஆல்வின் உலோகத் தொழிற்சாலை இப்பகுதியில் இயங்கிப் பேருந்துக் கூடுகளையும் குளிர்பதனப் பெட்டிகளையும் உருவாக்கிப் புகழ் பெற்றிருந்தது.

இப்பாதையில் இருவகை வண்டிகளை அருகருகே ஒப்பிட்டு நோக்கலாம். ஒன்று, நீண்ட சரக்கு வண்டி. மற்றொன்று, எம்.எம்.டி.எஸ். என வழங்கும் புறநகர் மின்சார வண்டி. இச்சேவை 2003-ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில் தொடங்கப்பெற்றது. சனத்நகரிலிருந்து மௌலா அலிக்குப் பிரியும் சுமார் 22 கிலோமீட்டர் புறவழிப் பாதை இரட்டைப் பாதையாக்கப்பட்டு, மின்மயமாக்கப்பட்டு, 2024-ஆம் ஆண்டு மார்ச்சு 5-ஆம் நாள் நாட்டிற்கு அர்ப்பணிக்கப்பட்டது. அதே நாளில் கட்கேசருக்கும் லிங்கம்பள்ளிக்கும் இடையே இவ்வழியாகச் செல்லும் புறநகர் வண்டியும் தொடங்கி வைக்கப்பட்டது. தண்டவாளம் ஒன்று, மேலே செல்லும் மின்கம்பியும் ஒன்று. ஆயினும் இவ்விருவகை வண்டிகளும் புறப்படும் முறை முற்றிலும் வேறானது. அவ்வேறுபாட்டின் காரணத்தை இரண்டாம் விதி தெளிவாக்குகிறது.

விதி கூறுவது யாது?

முதலில் மூன்று சொற்களின் பொருளைத் தெளிவுபடுத்திக்கொள்ளல் வேண்டும். நிறை என்பது ஒரு பொருளில் அடங்கியுள்ள பருப்பொருளின் அளவு. தன் இயக்க நிலையை மாற்ற முற்படும்போது அப்பொருள் காட்டும் எதிர்ப்பின் அளவும் அதுவே. இதன் அலகு கிலோகிராம். எடை என்பது அந்நிறையைப் பூமி ஈர்க்கும் விசை. இதன் அலகு நியூட்டன். 1 கிலோகிராம் நிறையுள்ள பொருளின் எடை ஏறத்தாழ 9.8 நியூட்டன். கடைத்தெருவில் எடை என்னும் சொல்லே இரண்டிற்கும் வழங்குவதால் மாணவர் மயங்குவது இயல்பே. முடுக்கம் என்பது ஒவ்வொரு நொடியிலும் திசைவேகம் மாறும் அளவு. நொடிக்கு 1 மீட்டர் வீதம் ஒவ்வொரு நொடியிலும் வேகம் கூடினால், முடுக்கம் 1 மீ/நொடி² எனப்படும்.

இனி, விதியில் வரும் விசை என்பது பொருளின்மேல் செயற்படும் எல்லா விசைகளையும் கூட்டிக் கழித்த பின் எஞ்சும் நிகர விசையாகும் என்பதை மறத்தலாகாது. எஞ்சின் இழுக்கிறது, தண்டவாள உராய்வும் காற்றும் தடுக்கின்றன. இழுவிசையிலிருந்து தடையைக் கழித்த பின் எஞ்சுவதே வண்டியை முடுக்குகிறது. இரண்டும் சமமாயின் முடுக்கம் சுழியாகும். வண்டி நின்றுவிடாது, சீரான வேகத்தில் ஓடிக்கொண்டிருக்கும். ஓடுவதற்கு விசை வேண்டும் என்று கருதுவது பிழை. வேகத்தை மாற்றுவதற்கே நிகர விசை வேண்டும்.

சரக்கு வண்டியின் புறப்பாடு

பாரம் ஏற்றிய திறந்த சரக்குப் பெட்டி ஒன்றின் மொத்த நிறை ஏறத்தாழ 80 டன். இத்தகைய பெட்டிகள் 58, கார்டு பெட்டி ஒன்று, எஞ்சின் ஒன்று ஆகியவை சேர்ந்த வண்டியின் நிறை சுமார் 4,800 டன், அதாவது 48,00,000 கிலோகிராம். சமதளத்தில் எஞ்சின் 4,50,000 நியூட்டன் விசையுடன் இழுப்பதாகவும், தடை விசை 1,50,000 நியூட்டன் என்றும் கணக்கிற்காகக் கொள்ளலாம். எஞ்சும் நிகர விசை 3,00,000 நியூட்டன். இதனை நிறையால் வகுத்தால் முடுக்கம் 0.0625 மீ/நொடி² என வரும்.

இதன் பொருள் யாது? நின்ற நிலையிலிருந்து நொடிக்கு 10 மீட்டர், அதாவது மணிக்கு 36 கிலோமீட்டர் வேகத்தை எய்த இவ்வண்டிக்கு 160 நொடிகள் தேவை. அதற்குள் அது 800 மீட்டர் தூரம் சென்றிருக்கும். புறநகர் மின்சார வண்டியின் முடுக்கம் 0.5 மீ/நொடி² எனக் கொண்டால், அதே வேகத்தை அது 20 நொடிகளில், 100 மீட்டருக்குள் அடைந்துவிடும். காலமும் தூரமும் எட்டில் ஒரு பங்காகின்றன.

வண்டியின் உள்ளே

இக்கணக்கை ஒரு படி மேற்கொண்டு சென்றால் மற்றோர் உண்மை புலனாகும். ஒன்றோடொன்று பிணைக்கப்பட்ட எல்லாப் பெட்டிகளும் ஒரே முடுக்கத்துடன் செல்கின்றன. ஆனால் பெட்டிகளுக்கு இடையேயுள்ள இணைப்புகளின்மேல் விழும் விசை ஒன்றல்ல. எஞ்சினுக்கு அடுத்த முதல் இணைப்பு, பின்னால் உள்ள பெட்டிகள் அனைத்தையும் முடுக்க வேண்டும். அவற்றின் தடையையும் வெல்ல வேண்டும். மேற்கூறிய எண்களின்படி அவ்விணைப்பு தாங்கும் விசை ஏறத்தாழ 4,38,000 நியூட்டன். கடைசி 80 டன் பெட்டி மட்டும் பின்னால் இருக்குமிடத்தில் உள்ள இணைப்போ சுமார் 7,500 நியூட்டன் மட்டுமே தாங்குகிறது. விசை எங்கு அளக்கப்படுகிறதோ, அதற்குப் பின்னுள்ள நிறையையே கணக்கில் கொள்ளவேண்டும் என்பது இதனால் விளங்கும். எஞ்சின் ஓட்டுநர் சரக்கு வண்டியைத் திடீரென இழுக்காமல் படிப்படியாக இழுப்பதன் காரணமும் இதுவே. ஒரு குலுக்கலில் முடுக்கம் ஒரு கணம் பன்மடங்கு மிகுந்தால், முன்புற இணைப்புகளின்மேல் விழும் விசையும் அவ்வாறே மிகுந்து, இணைப்பு அறுந்துபோக இடமுண்டு.

எஞ்சினுக்குப் பாரம் ஏற்றுவது ஏன்?

அதிக விசையுள்ள மோட்டாரைப் பொருத்தினால் முடுக்கம் கூடிவிடாதோ என வினவலாம். மோட்டாரின் வலிமை மட்டும் போதாது. சக்கரம் தண்டவாளத்தைப் பற்றிக்கொண்டாலன்றி இழுவிசை தோன்றாது. எஃகுச் சக்கரம் எஃகுத் தண்டவாளத்தின்மேல் கொள்ளும் பற்று, இயக்கப்படும் சக்கரங்களின்மேல் அழுந்தும் எடையின் ஒரு பகுதியே ஆகும். உலர்ந்த தண்டவாளத்தில், மணல் தூவி, மின்னணுக் கட்டுப்பாட்டின் உதவியும் பெற்றால் இப்பகுதி மூன்றில் ஒரு பங்கை எட்டலாம். ஈரமான நாளில் பத்தில் ஒரு பங்கிற்கும் குறையலாம். அவ்வெல்லையை மீறினால் சக்கரம் நின்ற இடத்திலேயே சுழலும்.

இந்திய இரயில்வேயின் டபிள்யூ.ஏ.ஜி.-9 வகை மின் எஞ்சின் இதற்குத் தக்க சான்று. தொடக்கத்தில் இதன் நிறை 123 டன். உச்ச இழுவிசை 458 கிலோ நியூட்டன். கனரகச் சரக்கு வண்டிகளுக்காக இதே எஞ்சினில் கூடுதல் பாரம் சேர்த்து நிறையை 132 டன்னாக உயர்த்தினர். அதன் பயனாக இழுவிசை 500 கிலோ நியூட்டனைத் தாண்டியது. நிறை கூடினால் முடுக்கம் குறையும் என்று மட்டும் கற்ற மாணவருக்கு இது முரணாகத் தோன்றும். ஆனால் முரண் ஏதுமில்லை. 4,800 டன் வண்டியில் 9 டன் கூடுவது பொருட்படுத்தத் தக்கதன்று. அந்த 9 டன்னும் இயங்கு சக்கரங்களின்மேல் அழுந்துவதால், விசையின் எல்லையோ குறிப்பிடத்தக்க அளவு உயருகின்றது.

புறநகர் வண்டியின் விரைவிற்கும் இதுவே காரணம். சரக்கு வண்டியில் இயக்கப்படும் சக்கரங்கள் எஞ்சினில் மட்டுமே உள்ளன. அவை தாங்குவது முழு நிறையில் 36-இல் ஒரு பங்கு. புறநகர் வண்டியிலோ மூன்று அல்லது நான்கு பெட்டிகளுக்கு ஒன்று வீதம் மோட்டார்ப் பெட்டிகள் இடையிடையே இணைக்கப்படுகின்றன. முழு நிறையில் நான்கில் ஒரு பங்கோ அதற்கு மேலோ இயங்கு சக்கரங்களின்மேல் அமைகிறது. நிறைக்குத் தக்க விசை கிடைப்பதால் முடுக்கமும் மிகுகிறது.

சிறு சரிவின் பெரு விளைவு

100 மீட்டர் செல்கையில் 1 மீட்டர் உயரும் ஏற்றம் கண்ணுக்கு ஏற்றமாகவே தோன்றாது. ஆயினும் அவ்வேற்றத்தில் வண்டியின் எடையில் நூறில் ஒரு பங்கு பின்னோக்கி இழுக்கிறது. 4,800 டன் வண்டிக்கு அது ஏறத்தாழ 4,70,000 நியூட்டன். மேற்சொன்ன கணக்கில் எஞ்சினின் இழுவிசை 4,50,000 நியூட்டன் அன்றோ? எனவே ஒற்றை எஞ்சின் அவ்வேற்றத்தில் வண்டியைப் புறப்படச் செய்ய இயலாது. துணை எஞ்சின் தேவைப்படும். இறக்கத்தில் இதே விசை வண்டியை முன்னோக்கித் தள்ளி, பிரேக்கின் பணியைக் கடினமாக்கும். இருப்புப் பாதை அமைப்போர் சிறு சரிவையும் கருத்தூன்றி அளப்பது இதனாலேயே.

நிறுத்தும் கலை

வேகம் குறைதலும் முடுக்கமே. அது இயக்கத்திற்கு எதிர்த்திசையில் அமைந்ததாகும். இங்கும் அதே விதி ஆளுகிறது. ஆனால் பலரும் பிழைபடும் இடம் இதுவே. வண்டி கனமானது, ஆகவே நிற்கத் தாமதமாகிறது என்பர். சரக்கு வண்டியில் ஒவ்வொரு பெட்டிக்கும் பிரேக்கு உண்டு. பெட்டிகள் இரு மடங்கானால் நிறை இரு மடங்காகிறது. பிரேக்குகளும் இரு மடங்காகி, விசையும் இரு மடங்காகிறது. விசையை நிறையால் வகுத்தால் ஈவு மாறாது. ஆதலின் நிறை மட்டுமே காரணம் என்பது பொருந்தாது. முதற்காரணம், எஃகின்மேல் எஃகிற்குள்ள பற்றுக் குறைவே. இரண்டாவது காரணம், நீண்ட வண்டியின் பிரேக்குக் குழாயில் காற்றழுத்த மாறுதல் கடைசிப் பெட்டியை எட்டச் சில நொடிகள் ஆவதாகும்.

மணிக்கு 72 கிலோமீட்டர், அதாவது நொடிக்கு 20 மீட்டர் வேகத்தில் செல்லும் மோட்டார் கார், உலர்ந்த சாலையில் 7 மீ/நொடி² அளவில் வேகம் குறைந்து சுமார் 29 மீட்டருக்குள் நின்றுவிடும். அதே வேகத்தில் வரும் இரயில் வண்டி 0.5 மீ/நொடி² அளவில் வேகம் குறையுமாயின் நிற்பதற்கு 400 மீட்டர் வேண்டும். வேகம் இரு மடங்கானால் இத்தூரம் நான்கு மடங்காகும். 200 மீட்டர் தொலைவில் ஒருவர் பாதையைக் கடப்பதைக் கண்ட ஓட்டுநர் அக்கணமே பிரேக்கைப் போட்டாலும், அவ்விடத்தை அடைகையில் வண்டி மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்திற்கு மேல் சென்றுகொண்டிருக்கும். ஓட்டுநரின் விழிப்போ கருணையோ இக்கணக்கை மாற்ற இயலாது. சனத்நகரை அடுத்துள்ள பரத் நகரிலும் பதே நகரிலும் பாதைக்கு மேலே பாலங்கள் அமைந்துள்ளன. பாலத்தின்மேல் சுற்றிச் செல்வதைச் சுமையாகக் கருதிப் பாதையைக் குறுக்கே கடப்போர் மேற்கூறிய எண்களை உணர்தல் வேண்டும்.

ஒரு கைப்பிடியின் பொறுப்பு

சரக்குப் பெட்டிகள் பலவற்றின் பக்கவாட்டில் ஒரு கைப்பிடி உண்டு. அதற்குக் ‘காலி’, ‘பாரம்’ என இரு நிலைகள். பெட்டியில் சரக்கு ஏற்றியபின் பாரம் என்னும் நிலைக்கும், இறக்கியபின் காலி என்னும் நிலைக்கும் அதனை மாற்றவேண்டும். புதிய பெட்டிகளில் பாரத்தை உணர்ந்து தானே மாற்றிக்கொள்ளும் கருவி அமைக்கப்படுகிறது. இச்சிறு கைப்பிடியின் பயனை இரண்டாம் விதியே விளக்குகிறது.

பாரப் பெட்டியின் நிறை 80 டன்; பிரேக்கு விசை 40,000 நியூட்டன் எனக் கொள்ளலாம். வேகம் குறையும் வீதம் 0.5 மீ/நொடி². அதே பெட்டி காலியாக இருக்கையில் அதன் நிறை 22.5 டன் மட்டுமே. அதே விசை செயற்பட்டால் வேகம் குறையும் வீதம் ஏறத்தாழ 1.8 மீ/நொடி² ஆக வேண்டும். இதற்கு எடையில் ஐந்தில் ஒரு பங்கிற்குச் சற்றுக் குறைந்த பற்று தேவை. ஈரமான தண்டவாளத்தில் அத்தனை பற்று கிடைக்காது. சக்கரங்கள் சுழற்சி நின்று வழுக்கும். உராய்ந்த இடத்தில் தட்டையாகத் தேயும். அதனாலேயே காலிப் பெட்டிக்குப் பிரேக்கு விசை குறைக்கப்படுகிறது.

மாறாக, பாரம் ஏற்றிய பெட்டிகளின் கைப்பிடிகள் காலி நிலையிலேயே விடப்பட்டால் நேர்வது யாது? விசை பாதியாகிறது எனக் கொண்டால் வேகம் குறையும் வீதமும் பாதியாகி, 400 மீட்டரில் நிற்கவேண்டிய வண்டி 800 மீட்டர் ஓடும். வேகத்திற்கேற்ற தூரத்தில் நடப்பட்ட கைகாட்டிகள் அப்போது பயனற்றவையாகிவிடும். பெட்டிதோறும் நடந்து சென்று கைப்பிடியைச் சரிபார்க்கும் ஊழியர், இரண்டாம் விதியில் விசையையும் நிறையையும் ஒன்றுக்கொன்று பொருத்தி வைக்கும் பணியையே செய்கின்றார். அவரது பணி எளியது. அதன் பொறுப்போ பெரிது.

கணக்கிடும் காவலன்

இதே கணக்கை இடைவிடாமல் செய்துகொண்டிருக்கும் பொறியமைப்பு ஒன்று இப்பாதையுடன் நெருங்கிய தொடர்பு கொண்டது. ‘கவச்’ எனப் பெயரிய அவ்வமைப்பு இந்தியாவிலேயே உருவாக்கப்பட்டதாகும். பயணிகள் வண்டிகளில் இதன் கள ஆய்வு 2016-ஆம் ஆண்டு பிப்ரவரியில் தொடங்கியது. 2020-ஆம் ஆண்டில் இது நாட்டின் தானியங்கிப் பாதுகாப்பு முறையாக ஏற்றுக்கொள்ளப்பட்டது. சனத்நகரைக் கடந்து வாடியை நோக்கிச் செல்லும் இதே பாதையில், குல்லாகுடா, சிட்கிட்டா நிலையங்களுக்கு இடையே, 2022-ஆம் ஆண்டு மார்ச்சு 4-ஆம் நாள் ஒரு சோதனை நடைபெற்றது. இரயில்வே அமைச்சர் அஸ்வினி வைஷ்ணவ் ஒரு எஞ்சினில் அமர்ந்திருக்க, எதிரே மற்றோர் எஞ்சின் இருந்த பாதையில் அது செலுத்தப்பட்டது. 380 மீட்டர் இடைவெளி இருக்கையில் எஞ்சின் தானே நின்றது.

தண்டவாளங்களுக்கு இடையே பதிக்கப்பட்ட அடையாள வில்லைகள் வண்டி இருக்குமிடத்தை எஞ்சினுக்கு உணர்த்துகின்றன. வானொலி அலைகள் கைகாட்டியின் நிலையைத் தெரிவிக்கின்றன. எஞ்சினில் உள்ள கணிப்பொறி தற்போதைய வேகத்தையும், வண்டிக்கு இயலக்கூடிய வேகக் குறைவையும் கொண்டு, நிற்பதற்கு வேண்டிய தூரத்தைக் கணிக்கிறது. எஞ்சியுள்ள தூரம் அதனை நெருங்கியும் ஓட்டுநர் பிரேக்கைப் போடாவிடில் கருவியே பிரேக்கைப் போடுகிறது. ஆனால் கவச் பற்றை மிகுவிப்பதில்லை; நிறையைக் குறைப்பதுமில்லை. உரிய நேரத்தில் தொடங்குவதே அதன் முழுத் திறமை.

வகுப்பறையில் செய்து காட்டல்

இவ்விதியை எளிய கருவிகளால் மெய்ப்பிக்கலாம். நான்கு சிறு சக்கரங்கள் பொருத்திய பலகை ஒன்று, ஒரே அளவுள்ள எடைக்கற்கள் சில, நூல், கப்பி, நொடி காட்டும் கடிகாரம் ஆகியன போதும். முதலில் மேசையை ஒரு பக்கம் சற்றே உயர்த்தி, லேசாகத் தள்ளிய வண்டி சீரான வேகத்தில் உருளுமாறு செய்தல் வேண்டும். இதனால் உராய்வின் தடை ஈடு செய்யப்படுகிறது. பின்னர் நூலின் ஒரு முனையை வண்டியிற் கட்டி, மறு முனையைக் கப்பியின் வழியே தொங்கவிட்டு, அதில் சிறு எடை ஒன்றைக் கட்டவேண்டும். வண்டி 1 மீட்டர் தூரம் கடக்கும் நேரத்தைக் குறித்துக்கொள்ளவேண்டும்.

தொங்கும் எடையை மாற்றாமல், வண்டியின் மேல் கற்களை அடுக்கி, இயங்கும் மொத்த நிறையை நான்கு மடங்காக்கினால், முடுக்கம் நான்கில் ஒரு பங்காகும். நேரமோ இரு மடங்கே ஆகும். நிறை நான்கு மடங்கானபோது நேரமும் ஏன் நான்கு மடங்காகவில்லை என்று மாணவரே வினவுமாறு விட்டுவிடல் நலம். தூரம் நேரத்தின் வர்க்கத்திற்கு ஏற்ப மிகும் என்பதை அவர்கள் அப்போது தாமே கண்டறிவர். தொங்கும் எடையும் வண்டியுடன் சேர்ந்தே முடுக்கம் பெறுவதால் அதன் நிறையையும் கணக்கிற் சேர்த்தல் வேண்டும். இதனை விடுத்தால் விடை பிழைபடும்.

இருப்புப் பாதையை அடுத்த ஊர்ப் பள்ளிகளில் இப்பாடத்தின் முடிவில், 400 மீட்டர் என்பது தம் ஊரில் எவ்விடத்திலிருந்து எவ்விடம் வரை என்பதை மாணவர்களைக் கொண்டே, பாதையை விட்டு விலகிய சாலையில் அளந்து காட்டச் செய்யலாம். பள்ளி வாயிலிலிருந்து கடைத்தெரு வரை நீளும் அத்தூரத்தைக் கால்களால் அளந்தறிந்த சிறுவன், தொலைவில் வரும் வண்டி தனக்காக நிற்கும் என்று எண்ணித் தண்டவாளத்தில் இறங்கமாட்டான்.